இம்ப்ளாண்ட் பல்லைச் சுற்றி ரத்தம் வருது, வலி இல்லை: அப்படியே விடலாமா?

கேள்விக்குறி
3 ஜூன் 2024, காலை 7.50

கீழ் வரிசை, வலது முதல் கடைவாய்ப்பல். இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் வேருக்குப் பதிலா திருகுற டைட்டானியத் திருகு) போட்டு ரெண்டு வருஷம். மேல இருக்குற பல் வடிவ கேப் சிமென்ட் வச்சு ஒட்டினது. நாக்குப் பக்கம் பிரஷ் பட்டா ரத்தம். வலி இல்லை, ஆட்டம் இல்லை, எப்பவாவது ஒரு நாத்தம். வயசு 62, சுகர் உண்டு. ஓபிஜி (தாடை முழுசுக்குமான எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்து எலும்பு நல்லா இருக்குன்னு சொல்லியாச்சு. டைட்டானியத்துக்குச் சொத்தை வராது, உள்ளே நரம்பும் கிடையாது. அப்புறம் ஈறுல கொஞ்சம் ரத்தம் வந்தா என்ன குடியா முழுகிடும்?

ஈறுபிடி
3 ஜூன் 2024, காலை 10.15

சொத்தை வராது, சரி. நரம்பு இல்லை, அதுவும் சரி. ஆனா ஈறு அழற்சி சொந்தப் பல்லிலேயே பெரும்பாலும் வலிக்காது. எலும்பு பாதி கரைஞ்ச பிறகும் வலிக்காத இம்ப்ளாண்ட் உண்டு. அதனால வலியை வச்சு முடிவெடுக்க முடியாது, ரத்தத்தை வச்சுத்தான் எடுக்கணும்.

சொந்தப் பல்லில் ஈறு நார்கள் வேரின் மேல்பூச்சுக்குள்ளயே குத்தி நிக்கும். கிருமி கீழே இறங்குறதுக்கு அது ஒரு தடுப்பு. இம்ப்ளாண்டில் அந்தப் பூச்சே கிடையாது. நார்கள் உள்ளே குத்தாம, சட்டைக் காலர் மாதிரி சுத்தி மட்டும் நிக்கும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்குற சவ்வும் இல்லை, அதன் வழியா வர்ற ரத்த ஓட்டமும் இல்லை. அழற்சி ஆரம்பிச்சா எலும்புக்குப் போற தூரம் குறைவு, வேகம் கூட.

ரெண்டு நிலை உண்டு. ஈறு மட்டும் வீங்கி ரத்தம் வர்றது மியூக்கோசைட்டிஸ். சுத்தம் பண்ணினா திரும்பிடும், ஆனா மூணு வாரத்தில் முழுசா அடங்கணும்னு எதிர்பார்க்காதீங்க, அதுக்கு மேலயும் இழுக்கும். எலும்பும் சேர்ந்து கரைஞ்சா பெரி இம்ப்ளாண்டைட்டிஸ். அதை நிறுத்தி வைக்கலாம். போன எலும்பு முழுசா திரும்பும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நீங்க எந்த நிலையில் இருக்கீங்கன்னு ஓபிஜி சொல்லாது.

கேள்விக்குறி
3 ஜூன் 2024, காலை 10.40

ஓபிஜி சொல்லாதுன்னா வேற எது சொல்லும்? சிபிசிடியா (முப்பரிமாண ஸ்கேன்)?

ஈறுபிடி
3 ஜூன் 2024, மதியம் 1.05

சிபிசிடி வேண்டாம், இப்போதைக்கு. டைட்டானியத்தைச் சுத்தி அதில் கறுப்பும் வெள்ளையுமா கீற்று விழும், பார்க்க வேண்டிய இடமே மறைஞ்சுடும். அந்தப் பல்லுக்கு மட்டும் எடுக்குற சின்ன எக்ஸ்ரே போதும் (ஐஓபிஏ அல்லது ஆர்விஜி). ஆனா நேராக எடுக்கணும். நேரா எடுத்தாங்களான்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்: இம்ப்ளாண்டின் மரைகள் ரெண்டு பக்கமும் பிசிறில்லாம, பல் பல்லாத் தெரியணும். மரைகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மங்கலா இருந்தா சாய்வா எடுத்தது, திரும்ப எடுக்கச் சொல்லுங்க.

அந்தப் படத்தை, கேப் மாட்டின அன்னிக்கு எடுத்த படத்தோட பக்கத்தில் வச்சுப் பார்க்கணும். எத்தனையாவது மரை வரைக்கும் அப்போ எலும்பு இருந்தது, இப்போ எத்தனையாவது? இதுதான் கேள்வி. பழைய படம் இல்லாம "நல்லா இருக்கு" என்பது அபிப்பிராயம் மட்டும்.

இன்னொண்ணு. இந்தச் சின்ன எக்ஸ்ரேயும் முன்பக்கமும் பின்பக்கமும் இருக்குற எலும்பைத்தான் காட்டும். கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் இம்ப்ளாண்ட் நிழலிலேயே ஒளிஞ்சுக்கும். உங்களுக்கு ரத்தம் வர்றது நாக்குப் பக்கம். அங்கே புரோப் (மி.மீ. குறிச்ச மெல்லிய கம்பி) போட்டு அளக்காம எதுவும் தெரியாது.

கடைசிபெஞ்ச்
3 ஜூன் 2024, மதியம் 1.30

இம்ப்ளாண்டைச் சுத்தி கம்பி விட்டுக் குத்தினா கீறல் விழும்னு எங்க ஏரியா டாக்டர் தொடவே மாட்டார். பிளாஸ்டிக் புரோப் வேணுமாம்.

ஈறுபிடி
3 ஜூன் 2024, மாலை 6.20

பழைய பயம். மெல்லிய ஸ்டீல் புரோப்பாலயே அளக்கலாம். பிளாஸ்டிக் புரோப் வளையும், அகலமா விரிஞ்ச கேப் இருக்குற இடத்தில் அது வசதி, அவ்வளவுதான். அழுத்தம்தான் முக்கியம். சுமார் 0.2 நியூட்டன், அதாவது 20 கிராம் எடை வச்ச மாதிரி. அதுக்கு மேல அழுத்தினா நல்ல ஈறும் ரத்தம் விடும்.

ஒரு பல்லுக்கு ஆறு இடம்: கன்னப் பக்கம் மூணு, நாக்குப் பக்கம் மூணு. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மி.மீ., ரத்தம் வந்ததா, சீழ் வந்ததா. சீட்டில் எழுதி வாங்கிக்கோங்க. புரோப் எடுத்ததும் ஒரு புள்ளி ரத்தம் என்பது வேற, கோடா வழியுறது வேற. சீழ் வந்தா பேச்சே இல்லை.

பிரஷ்கட்டை
3 ஜூன் 2024, இரவு 9.10

6 மி.மீ.க்கு மேல இருந்தா பெரி இம்ப்ளாண்டைட்டிஸ்னு எடுத்துக்கலாமா? அப்படித்தான் படிச்ச ஞாபகம்.

ஈறுபிடி
4 ஜூன் 2024, காலை 8.00

பாதிதான் சரி. 2017 சர்வதேச வகைப்பாட்டில் அந்த 6 மி.மீ. வர்றது பழைய அளவு எதுவுமே கையில் இல்லாத கேஸுக்கு. அப்பவும் 6 மட்டும் போதாது. ரத்தமோ சீழோ இருக்கணும், எலும்பும், இம்ப்ளாண்டில் எலும்புக்குள்ள இருக்க வேண்டிய பகுதியின் மேல்விளிம்பிலிருந்து 3 மி.மீ. அல்லது அதுக்கு மேல இறங்கியிருக்கணும். மூணும் சேரணும்.

பழைய அளவு இருந்தா கணக்கே வேற. கனமான ஈறு உள்ளவங்களுக்கு முதல் நாளே 5 மி.மீ. இருக்கும், ஆரோக்கியமாவும் இருக்கும். இன்னொருத்தருக்கு 2 இருந்தது 5 ஆயிருக்கும், அவர்தான் நோயாளி. எண்ணை விட மாற்றம் பெருசு. அதனாலதான் கேப் மாட்டி மூணு மாசத்துக்குள்ள ஒரு தடவை ஆறு இடமும் அளந்து, ஒரு எக்ஸ்ரேயும் எடுத்து ஃபைலில் வைக்கணும். இதைச் செய்றவங்க குறைச்சல்.

லேப் மேசை
4 ஜூன் 2024, காலை 11.45

ஈறுபிடி டாக்டர் எல்லாத்தையும் ஈறு மேலயே போடுறார். கேப்பையும் பாருங்க சார். சிமென்ட் வச்சு ஒட்டினதுன்னு சொன்னீங்களே, அங்கதான் எனக்குச் சந்தேகம்.

கேப்புக்கும் அபட்மென்டுக்கும் (இம்ப்ளாண்ட் மேல நின்னு கேப்பைத் தாங்குற துண்டு) நடுவுல நாங்க விடுற இடம் 40, 50 மைக்ரான். அதை நிரப்ப எவ்வளவு சிமென்ட் வேணும்? உள்விளிம்புல மெல்லிசா ஒரு தடவல். ஆனா நடக்குறது என்ன? கேப்பை முக்கால்வாசி ரொப்பி அழுத்துறாங்க. மிச்சம் எங்க போகும்? ஈறுக்குள்ள. சொந்தப் பல்லுன்னா நார்கள் தடுக்கும், டாக்டர் இப்பதான் சொன்னாரே. இம்ப்ளாண்ட்ல தடுக்க ஆளில்லை, நேரா எலும்பு வரைக்கும் இறங்கும். கேப்போட ஓரம் ஈறுக்குக் கீழ 1 மி.மீ.க்கு மேல போயிட்டா மிச்சத்தை முழுசா எடுக்கிறது நடக்காத காரியம்.

எக்ஸ்ரேல தெரியும்னு நம்பாதீங்க. ஜிங்க் பாஸ்பேட் பளிச்சுன்னு தெரியும். சில ரெசின் சிமென்ட் தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். கேப்போட உள்பக்க அச்சை வச்சு வெளியில ஒரு டூப்ளிகேட் அபட்மென்ட் பண்ணிக்கணும், கெட்டி சிலிகான்ல அஞ்சு நிமிஷ வேலை. கேப்புல சிமென்ட் போட்டு முதல்ல அந்த டூப்ளிகேட் மேல அழுத்தணும். மிச்சமெல்லாம் வெளியிலயே பிதுங்கிடும், துடைச்சிட்டு உடனே வாயில மாட்டணும். நாங்க டூப்ளிகேட் சேர்த்து அனுப்பினாலும் பாதி பேர் அது என்னன்னே கேக்குறதில்லை.

கடைசிபெஞ்ச்
4 ஜூன் 2024, மதியம் 12.10

அண்ணே, அதை லேப் இலவசமா அனுப்பின ஷோ பீஸ்னு மேஜையில வச்சிருப்பாங்க.

லேப் மேசை
4 ஜூன் 2024, மதியம் 12.25

பேப்பர் வெயிட்டா வச்சிருக்காங்க.

ஈறுபிடி
4 ஜூன் 2024, மாலை 5.30

லேப் மேசை சொன்னது முழுக்க நியாயம். சேர்த்துக்க வேண்டியது ஒண்ணு: சிமென்ட் தங்கினதால வர்ற பிரச்சினை முதல் மாசமே வரணும்னு இல்லை, வருஷங்கள் கழிச்சும் வரும். அதனால "ரெண்டு வருஷம் நல்லாத்தானே இருந்தது" என்பதை வச்சு சிமென்ட்டை விடுதலை பண்ண முடியாது.

முடிஞ்ச வரைக்கும் ஸ்க்ரூ வச்ச கேப்பே நல்லது. ஏதாவது ஆனா மேல இருக்குற காம்போசிட் அடைப்பை எடுத்து, உள்ளே இருக்குற டெஃப்ளான் டேப்பை உருவி, ஸ்க்ரூவைக் கழட்டி, வெளியே வச்சு சுத்தம் பண்ணி மாட்டிடலாம். சிமென்ட் கேப்புன்னா ஓட்டை போட்டுத் தேடணும்.

பிரஷ்கட்டை
5 ஜூன் 2024, காலை 9.00

வீட்டுச் சுத்தத்தைப் பத்தி யாரும் பேசலையே. கீழ்க் கடைவாய் இம்ப்ளாண்டில் நாக்குப் பக்கம்தான் எல்லாருக்கும் தப்பும். காரணம் வடிவம். இம்ப்ளாண்டின் விட்டம் 4லேர்ந்து 5 மி.மீ. மேல உட்கார்ற கடைவாய்ப்பல் கேப் 10, 11 மி.மீ. அகலம். குடை மாதிரி விரிஞ்சு நிக்கிற கேப்புக்கு அடியில் சாதா பிரஷ் போகாது, மேல்பரப்பிலேயே வழுக்கிட்டு வந்துடும்.

1. ஒற்றைக் குஞ்சம் பிரஷ். முனை சின்னதா இருக்கும். கேப் ஈறைத் தொடுற கோட்டில் வச்சு, அந்தக் கோடு வழியாவே மெல்ல நகர்த்தணும். நாக்குப் பக்கம் முதலில், வாய் சலிக்கிறதுக்கு முன்னாடி. பேஸ்ட் வேண்டாம், நுரை வந்தா எதுவும் தெரியாது.

2. பல்லிடுக்கு பிரஷ். கம்பி பிளாஸ்டிக் உறை போட்டதா இருக்கணும், வெறும் கம்பி டைட்டானியத்தில் உரசக் கூடாது. அளவு கலரில் இருக்கும், ஆனா கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணைப் பாருங்க. நுழையும்போது லேசா இறுக்கம் தெரியணும், கம்பி இடிக்கக் கூடாது. காத்தாடினா சின்னது. இம்ப்ளாண்டுக்கு முன்பக்க இடுக்குக்கு ஒரு அளவு, பின்பக்கத்துக்கு இன்னொரு அளவு தேவைப்படுறது சகஜம். கன்னப் பக்கத்திலிருந்து நாலஞ்சு தடவை, நாக்குப் பக்கத்திலிருந்தும் நாலஞ்சு தடவை. ரெண்டாவதை எல்லாரும் விடுவாங்க. முள் சாய்ஞ்சதும் மாத்துங்க, ஒரு வாரம் பத்து நாள் வரும்.

3. வாட்டர் பிளாஸர் இருந்தா குறைஞ்ச அழுத்தத்தில், பல்லுக்குச் செங்குத்தா. ஈறுக்குள்ள நேரா பீச்சக் கூடாது. பிரஷ்ஷுக்குப் பதிலா அது ஆகாது.

ரத்தம் வருதேன்னு அந்த இடத்தை மட்டும் விட்டுட்டுத் தேய்க்கிறவங்க ஏராளம். ரத்தம் வர்ற இடத்தில்தான் இன்னும் பொறுமையா நிக்கணும்.

கடைசிபெஞ்ச்
5 ஜூன் 2024, காலை 9.20

ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சொன்னவங்க டைட்டானியத்தைப் பார்த்ததில்லை போல. வேலங்குச்சி, உப்பு, கரித்தூள் எல்லாம் இதில் சேருமா சேராதா?

பிரஷ்கட்டை
5 ஜூன் 2024, காலை 9.50

குச்சியை நல்லா மென்னு நாராக்கித் தேய்ச்சா சொந்தப் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும், மறுக்கலை. குடை மாதிரி கேப்புக்கு அடியில் குச்சி நுழையாது. கரித்தூளும் கரகரப்பான பல்பொடியும் வேண்டாம். பீங்கானின் மெருகு போகும், மெருகு போன இடத்தில் கிருமிப் படலம் சீக்கிரம் ஒட்டும். வெந்நீர் உப்புக் கொப்பளிப்பில் தப்பில்லை, இதமா இருக்கும். ஒட்டின படலத்தை அது எடுக்காது. எண்ணெய்க் கொப்பளிப்புக்கும் அதே பதில்.

கேள்விக்குறி
5 ஜூன் 2024, இரவு 8.15

மெடிக்கல்ல குளோர்ஹெக்சிடின் (கிருமி கொல்லுற வாய்க்கழுவி) வாங்கி மூணு மாசமா கொப்பளிக்கிறேன். பல் பழுப்பா மாறுது. டூத் ஃபிளாஸும் (பல்லிடுக்கு நூல்) தினம் போடுறேன், நாராப் பிஞ்சு வருது.

ஈறுபிடி
5 ஜூன் 2024, இரவு 9.40

ரெண்டையும் நிறுத்துங்க.

0.2 சதவீதம்னா 10 மி.லி., ஒரு நிமிஷம், நாளுக்கு ரெண்டு தடவை, ரெண்டு வாரம். அதோட சரி. அதுக்கு மேல போனா பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாற்றம், காறையும் கூடும். காபி, டீ குடிச்சா கறை இன்னும் சீக்கிரம். பேஸ்ட்டில் இருக்குற நுரைப்பொருள் இந்த மருந்தை முடக்கிடும், அதனால பல் தேய்ச்சு அரைமணி நேரம் கழிச்சுத்தான் கொப்பளிக்கணும். தேய்ச்ச கையோட கொப்பளிச்சா பாதி வீண். கறை பாலிஷ் பண்ணினா போயிடும், பயப்பட வேண்டாம்.

ஃபிளாஸ் நாராப் பிய்ஞ்சு வருதுன்னா அது எதிலோ சிக்குது. கேப் ஓரம் சரியா உட்காரலை, அல்லது எலும்பு இறங்கி இம்ப்ளாண்டின் சொரசொரப்பு வெளியே வந்திருக்கு. பிய்ஞ்ச நார் அங்கேயே தங்கி, அதுவே வீக்கத்தைக் கிளப்பும். மரை வெளியே தெரியுற இம்ப்ளாண்டில் ஃபிளாஸே வேண்டாம், பல்லிடுக்கு பிரஷ் மட்டும். நீங்க சொன்னதில் எனக்கு உருப்படியான துப்பு இதுதான், டாக்டர்கிட்ட முதல் வரியா சொல்லுங்க.

லேப் மேசை
6 ஜூன் 2024, காலை 10.30

ஓரம் சரியா உட்காரலைன்னா பக்கத்துப் பல்லோட உரசல் இறுக்கமா இருந்திருக்கும். சொந்தப் பல் சவ்வு மேல மிதக்குது, கேப்பை அழுத்தும்போது கொஞ்சம் விலகிக் கொடுக்கும். இம்ப்ளாண்ட் கொடுக்காது. உள்ளே உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஆனா அடியில ஒரு மயிரிழை இடைவெளி. அதனால ஸ்க்ரூ இறுக்கினதும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டுத்தான் அடைக்கணும்.

வடிவத்தைப் பத்தியும் சொல்லிடுறேன். ஈறுக்குள்ளேர்ந்து கேப் வெளிய வர்ற கோணம் 30 டிகிரியத் தாண்டி, வெளிப்பக்கம் உப்பலா வேற இருந்தா அந்த இடம் சுத்தமாகாது. பல்லு குண்டா இருந்தாத்தான் அழகுன்னு கேட்டு வாங்குறாங்க. ஈறு மேல சேணம் மாதிரி கவிஞ்சு உட்கார்ற கேப்பும் அப்படித்தான். நல்ல கேப்புல உங்க பல்லிடுக்கு பிரஷ் ரெண்டு பக்கமும் தடையில்லாம போகணும். போகலைன்னா கேப்பைக் கழட்டி சீவித் தரச் சொல்லுங்க, பீங்கானையோ சிர்கோனியாவையோ சீவி மெருகு போட ஒரு நாள் போதும். எவ்வளவு தேய்ச்சாலும் சுத்தமாகாத கேப்பைக் கட்டிக்கிட்டு பேஷன்ட்டைத் திட்டறது அநியாயம்.

பிரஷ்கட்டை
6 ஜூன் 2024, காலை 10.50

இதை மட்டும் பிரிண்ட் எடுத்து எல்லா கிளினிக்கிலும் ஒட்டலாம்.

கடைசிபெஞ்ச்
11 ஜூன் 2024, மாலை 4.00

தலைப்பு மாறுது, மன்னிச்சுக்கோங்க. கேப் ஆடுதுன்னா இம்ப்ளாண்ட் போச்சுன்னு அர்த்தமா?

லேப் மேசை
11 ஜூன் 2024, மாலை 4.35

பெரும்பாலும் இல்லை. ஸ்க்ரூ லூஸ். கேப் மட்டும் லேசா சுத்தும், கடிக்கும்போது டிக்னு ஒரு சத்தம், கெட்ட ருசி. அந்தப் பக்கம் கடிக்கிறதை அன்னிக்கே நிறுத்தணும். கையால திருகிப் பார்க்கக் கூடாது. லூஸான ஸ்க்ரூவோட மெல்லிக்கிட்டே இருந்தா ஸ்க்ரூ உள்ளேயே ஒடியும், அப்புறம் ஒடிஞ்ச துண்டை எடுக்கிறது பெரிய கூத்து.

35 என்சிஎம்ல (இறுக்கத்தின் அலகு), அந்த அளவைக் காட்டுற டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கி, பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை அதே அளவுக்கு இறுக்கணும். முதல் தடவை இறுக்கினதும் மரையோட மேடெல்லாம் நசுங்கி இறுக்கம் கொஞ்சம் குறையும், அதுக்குத்தான் ரெண்டாவது. டார்க் ரெஞ்ச் இல்லாம கைஸ்க்ரூடிரைவரால இறுக்கினா அந்த அளவுக்குப் பாதி கூட வராது.

ஈறுபிடி
11 ஜூன் 2024, இரவு 7.10

35 எல்லாத்துக்கும் பொருந்தாது. ஒல்லியான இம்ப்ளாண்டுக்கு 15, 20 தான். மல்டி யூனிட் (பல பல் சேர்ந்த கேப்புக்கான அபட்மென்ட்) மேல வர்ற சின்ன ஸ்க்ரூவுக்குப் பொதுவா 15. கம்பெனி தாளில் போட்டிருக்குற எண்தான் எண். அதிகமா இறுக்கினாலும் ஸ்க்ரூ நீண்டு ஒடியும். ஒரு தடவை லூஸான ஸ்க்ரூவைத் திரும்பப் போடாம புதுசு போடுறது உத்தமம். லூஸானதுக்குக் காரணம் தேடாம இறுக்கி அனுப்பினா திரும்ப லூஸாகும்: கடி உயரமா இருக்கும், ராத்திரி பல்லைக் கடிப்பாங்க, இல்லை அபட்மென்ட் வேற கம்பெனி நகலா இருக்கும்.

கேப்பும் இம்ப்ளாண்டும் சேர்ந்து ஆடுச்சுன்னா வேற கதை. எலும்போட ஒட்டலை அல்லது ஒட்டுப் போயிடுச்சு. அதை இறுக்கிச் சரிப்படுத்த முடியாது. எடுத்துட்டு, எலும்பு ஆறினதும் திரும்பப் போடணும்.

இதுக்காகவே ஒரு விஷயம். இம்ப்ளாண்ட் போட்ட அன்னிக்கு டப்பாவில் வர்ற ஸ்டிக்கரை வாங்கி வச்சுக்கோங்க. கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஊர் மாறினாலோ டாக்டர் மாறினாலோ எந்த ஸ்க்ரூடிரைவர் சேரும்னு அதை வச்சுத்தான் தெரியும். 1.2 மி.மீ. அறுகோணமும் இருக்கு, 1.25ம் இருக்கு. மாத்திப் போட்டுத் திருகினா ஸ்க்ரூ தலை வழிச்சுக்கும்.

கேள்விக்குறி
19 ஜூன் 2024, இரவு 8.30

அளந்தாங்க. நாக்குப் பக்கம் 6, 7, 6. மத்த மூணும் 3. ரத்தம் கோடா வந்தது, சீழ் இல்லை. எக்ஸ்ரேயில் பின்பக்கம் ரெண்டு மரை வெளியே. பழைய படம் கிடைச்சது, அதில் முதல் மரை மூடியிருந்தது. எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 8.6. அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் ஏழு நாளைக்கு எழுதி, அப்புறம் லேசர்னு சொல்றாங்க.

ஈறுபிடி
19 ஜூன் 2024, இரவு 10.00

பழைய படம் கிடைச்சது பெரிய உதவி. எலும்பு இறங்கியிருக்கு, ரத்தம் இருக்கு, ஆழம் இருக்கு: பெரி இம்ப்ளாண்டைட்டிஸ்தான். ஆனா ஆரம்பக் கட்டம்.

சுத்தம் பண்ணாம மாத்திரை மட்டும் சாப்பிட்டா வீக்கம் வத்தும், மாத்திரை முடிஞ்சதும் திரும்பும். காரணம் உலோகத்தில் ஒட்டின படலமும், இருந்தா சிமென்ட்டும். அதை மாத்திரை கரைக்காது. லேசரை மட்டும் நம்பிச் செய்றதுக்கும் போதுமான ஆதாரம் இல்லை. காசு அதில் போக வேண்டாம்.

நான் எதிர்பார்க்கிற வரிசை:

முதலில் கேப்பைக் கழட்டுறது. சிமென்ட் இருக்கான்னு கண்ணால பார்க்கிறது. கழட்டினா பாக்கெட்டுக்குள்ள (ஈறுக்கும் இம்ப்ளாண்டுக்கும் நடுவில் விழுந்த பள்ளம்) போறதும் சுலபம். டைட்டானியம் க்யூரெட் (சுரண்டுற கருவி), அல்லது அல்ட்ராசானிக்கில் பிளாஸ்டிக் மாதிரி மென்மையான முனை. சாதா ஸ்டீல் ஸ்கேலர் கீறும். கிளைசின் அல்லது எரித்ரிட்டால் பொடி வச்சு காத்தால அடிக்கிற மெஷின் இருந்தா அதையும் சேர்த்துக்கலாம். கேப் வடிவத்தை லேப் மேசை சொன்ன மாதிரி திருத்தி, முடிஞ்சா ஸ்க்ரூ கேப்பா மாத்தி மாட்டுறது.

அப்புறம் ஆறிலிருந்து பன்னெண்டு வாரம் கழிச்சு அதே ஆறு இடத்தையும் அளக்கிறது. ரத்தம் நின்னு, ஆழம் 5க்குள்ள வந்தா வெற்றி. வரலைன்னா ஈறைத் திறந்து செய்ற ஆபரேஷன். அதில் எலும்புக் குழியின் வடிவம் முடிவு பண்ணும்: 3 மி.மீ.க்கு மேல ஆழமா, சுத்தி எலும்புச் சுவர் இருந்தா உள்ளே எலும்புத்தூள் வைக்கலாம். தட்டையா இறங்கியிருந்தா ஈறைக் கீழே இறக்கி, வெளியே தெரியுற மரையை வழவழப்பா சீவி விடுறது. பின்பல்லில் இது பார்வைக்குத் தெரியாது, சுத்தம் பண்ண வசதி.

சுகர் 8.6ல் ஆபரேஷன் வேண்டாம். இந்த இடைவெளியிலேயே சுகர் டாக்டரைப் பார்த்து 7 பக்கம் கொண்டு வரச் சொல்லுங்க. எலும்புத் தேய்மானத்துக்கு வருஷ ஊசியோ ஆறு மாச ஊசியோ போட்டிருந்தா முன்கூட்டியே சொல்லணும். தாடை எலும்பு ஆறாம அழுகுற ஆபத்து உண்டு, அதுக்கேத்த மாதிரி திட்டம் மாறும்.

பிரஷ்கட்டை
19 ஜூன் 2024, இரவு 10.20

வெத்தலை பாக்கு, புகையிலை உண்டான்னு கேட்டீங்களா?

கேள்விக்குறி
20 ஜூன் 2024, காலை 7.15

வெத்தலை பாக்கு மட்டும், சாப்பாட்டுக்கு அப்புறம். புகையிலை இல்லை.

பிரஷ்கட்டை
20 ஜூன் 2024, காலை 8.05

பாக்கு போட்டாலே வாய்த்திறப்பு சிலருக்குக் குறையும், கன்னம் இறுகும். ரெண்டு விரல்தான் நுழையுதுன்னா நாக்குப் பக்கம் ஒற்றைக் குஞ்சமும் போகாது. வாயைத் திறந்து மூணு விரல் செங்குத்தா நுழையுதான்னு பாருங்க. நுழையலைன்னா அதுக்குத் தனியா காட்டணும், பாக்கை இன்னிக்கே நிறுத்தணும்.

கடைசிபெஞ்ச்
23 ஜூன் 2024, மதியம் 2.40

இவ்வளவு படிச்ச பிறகு ஒரு சந்தேகம். சித்தப்பாவுக்கு ஈறு வியாதி, நாலு பல் லேசா ஆடுது. எல்லாத்தையும் எடுத்துட்டு இம்ப்ளாண்ட் போட்டா "ஆயுசுக்கும் நிம்மதி"ன்னு ஒரு இடத்தில் பேக்கேஜ் சொல்றாங்க. ஆயுசுக்கும் வருமா?

ஈறுபிடி
23 ஜூன் 2024, இரவு 9.00

வந்திருக்கு. 1965ல் ஸ்வீடனில் பிரானெமார்க் முதன்முதலா இம்ப்ளாண்ட் வச்ச யோஸ்தா லார்சனுக்கு 40 வருஷத்துக்கு மேல, சாகுற வரைக்கும் அது இருந்தது. ஆனா அது மெருகான பரப்பு உள்ள திருகு. இப்ப வர்றது சொரசொரப்பான பரப்பு. எலும்பு சீக்கிரம் பிடிக்கும். எலும்பு இறங்கி அந்தச் சொரசொரப்பு வெளியே வந்தா படலத்துக்கும் அதே அளவு பிடிக்கும்.

சித்தப்பா விஷயத்தில் வரிசையே தப்பு. ஈறு வியாதியால பல் இழந்தவருக்கு இம்ப்ளாண்டிலும் அதே வியாதி வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். வாயில் கிருமி அதே கிருமி, தேய்க்கிற கையும் அதே கை. முதலில் ஆழமான கிளீனிங், மூணு மாசம் கழிச்சு மறு அளவு. லேசா ஆடுற பல் பல கேஸில் இறுகிடும். அதுக்கப்புறமும் வேர் முனை வரைக்கும் எலும்பு இல்லாத பல்லை மட்டும் எடுத்தா போதும். கிளீனிங் பண்ணினா பல் ஆடும் என்பாங்க. காறை முட்டுக்கொடுத்து நின்ன பல் அது. காறையை எடுத்ததும் உண்மையான ஆட்டம் தெரியுது, புதுசா வந்ததில்லை.

பல்லெல்லாம் போன பிறகு கழட்டி மாட்டுற செட்டுக்குக் கீழே ரெண்டு இம்ப்ளாண்ட் என்பது மலிவான, சுத்தம் பண்ண வசதியான வழி. பேக்கேஜ் விளம்பரத்தில் அது வராது.

லேப் மேசை
24 ஜூன் 2024, காலை 11.00

அந்த செட்டுக்குள்ள பட்டன் மாதிரி நைலான் வளையம் இருக்கும். தேய்ஞ்சா செட் கழண்டு கழண்டு வரும், இம்ப்ளாண்ட் கெட்டுடுச்சுன்னு பயப்படுவாங்க. வளையம் மாத்தினா போதும், பத்து நிமிஷ வேலை. லொக்கேட்டர் மாதிரி வகையில் நீலம் லூஸ், ரோஸ் நடுத்தரம், வெள்ளை டைட். கை நடுங்குறவங்களுக்கு நீலம் போடுங்க, வெள்ளை போட்டா கழட்டவே முடியாம நாள் கணக்கா அப்படியே விட்டுடுவாங்க. ராத்திரி கழட்டித் தண்ணியில போடணும், இம்ப்ளாண்ட் தலையை ஒற்றைக் குஞ்சம் பிரஷ்ஷால சுத்திச் சுத்தித் தேய்க்கணும்.

கேள்விக்குறி
2 ஜூலை 2024, மாலை 6.45

கேப் கழட்டியாச்சு. பின்பக்கம் நாக்கு ஓரத்தில் வெள்ளையா ஒரு சிமென்ட் சில்லு, கடுகு அளவு. எடுத்துட்டாங்க. இப்போதைக்கு ஹீலிங் கேப் (ஈறு மூடாம இருக்க மாட்டுற தற்காலிக மூடி) போட்டிருக்கு, புது ஸ்க்ரூ கேப் மூணு வாரத்தில். அதுவரைக்கும் எப்படிச் சுத்தம் பண்றது?

பிரஷ்கட்டை
2 ஜூலை 2024, இரவு 7.30

ஹீலிங் கேப்பை மென்மையான பிரஷ்ஷால, நாளுக்கு ரெண்டு தடவை, மேல்பரப்பும் ஈறு ஓரமும். அது கையால இறுக்கினதுதான், தளர்ந்து சுத்துற மாதிரி தெரிஞ்சா அன்னிக்கே போங்க. கழண்டு விழுந்தா ஒரு ராத்திரியிலேயே ஈறு மூட ஆரம்பிச்சுடும்.

கடைசிபெஞ்ச்
2 ஜூலை 2024, இரவு 7.50

கடைசியா ஒண்ணு, சித்தப்பா கேக்கச் சொன்னது. இம்ப்ளாண்ட் இருந்தா எம்ஆர்ஐ எடுக்கலாமா?

ஈறுபிடி
2 ஜூலை 2024, இரவு 9.15

எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. வாய்ப் பக்கம் படம் கொஞ்சம் கலங்கும், தலை ஸ்கேன்னா டெக்னீஷியன்கிட்ட சொல்லிடுங்க. காந்தம் வச்சுப் பிடிக்கிற செட்டா இருந்தா மட்டும் செட்டைக் கழட்டிட்டுப் போகணும், இம்ப்ளாண்ட் தலையில் இருக்குற இரும்புத் துண்டையும் எடுக்கணுமான்னு முன்னாடியே கேட்டுக்கணும்.